பெரிய குக்குரி வாங்குவோர் நீளத்தை மட்டும் பார்க்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் வாசகர் ஒருவர் தம் சேகரிப்பில் புதிதாகச் சேர்த்த, நேபாளத்து வளைகத்தியான குக்குரியின் படத்தைப் பார்த்தோம். முழ நீளத்துக்கு அலகு, எருமைக்கொம்புப் பிடி, பிடியும் அலகும் சேரும் இடத்தில் பித்தளைப் பூண். "கூர்க்கா வாள்" என்று தலைப்பு. உறையிலிருந்து உருவினால் ரத்தம் காட்டாமல் திரும்பப் போடக்கூடாது என்று படத்தின் கீழே ஒரு வரி. வரும் ஆயுத பூஜைக்குத் திருஷ்டிப் பூசணியை இதனால்தான் வெட்டப் போகிறார் என்று இன்னொரு வரி. தலைப்பும் ரத்தக் கதையும் தவறு. பூசணிக்காய் விஷயம் தவறு என்று சொல்ல மாட்டோம். ஆனால் அதற்கு முன் பார்க்க வேண்டியவை சில இருக்கின்றன. பழங்கத்திகளும் மலைநாட்டுக் கத்திகளும் சேர்ப்பவர்கள் நாங்கள். அதனால் இந்தக் கடிதம்.

முதலில் ரத்தக் கதையை முடித்துவிடலாம். குக்குரி நேபாள மலைக்கிராமங்களில் வீட்டுக் கத்தி. விறகு பிளக்க, மூங்கில் சீவ, ஆட்டுக்குத் தழை வெட்ட, கறி துண்டு போட எல்லாவற்றுக்கும் அதுவேதான். ஒவ்வொரு முறையும் ரத்தம் காட்ட வேண்டுமென்றால் அந்த ஊர்களில் ஒருவர் கையிலும் விரல் மிஞ்சியிருக்காது. கூர்க்காப் படைகளின் புகழோடு சேர்ந்து பரவிய கதை அது. வாள் என்பதும் பொருந்தாது. நேபாளத்தில் வாளுக்குக் கோரா என்று தனி வடிவம் இருக்கிறது. நுனி அகன்று, அரைவட்டமாகச் செதுக்கினாற்போல முடியும். குக்குரி எத்தனை நீளமானாலும் கத்திதான். நம் வீச்சரிவாள் எவ்வளவு நீண்டாலும் அரிவாளாகவே இருப்பது போல.

ஆனால் அந்த வாசகரின் பூரிப்பு எங்களுக்கு நன்றாகவே புரிகிறது. வழக்கமான குக்குரியின் அலகு 10 முதல் 11 அங்குலம். பிடியோடு சேர்த்தால் 16, 17 அங்குலம். எடை அரைக்கிலோவிலிருந்து முக்கால் கிலோ வரை. அப்படி நாலைந்து வைத்திருப்பவர் கையில் திடீரென்று 18 அங்குல அலகு வந்தால், அட்டைப்பெட்டியைத் தூக்கும்போதே முகம் மாறிவிடும். உறையிலிருந்து அலகு முழுவதும் வெளியே வர எடுத்துக்கொள்ளும் நேரம், வளைவு தாண்டியதும் கை தானாகக் கீழே சாயும் அந்தக் கனம், இவற்றைப் படத்தில் காட்ட முடியாது. சீருபாத்தே என்ற ஒல்லி வகையை நீளமாகச் செய்தால் நாணல் வளைந்தது போல இருக்கும். பெயரே சீரு என்ற புல்லின் இலையிலிருந்து வந்ததுதான். கிழக்கு நேபாளத்துப் போஜ்பூரின் பெயர் தாங்கிய போஜ்பூரே வகை இதற்கு எதிர். வயிறு அகன்று தடித்தது. அதைப் பெரிதாகச் செய்தால் பார்ப்பவர் இரண்டடி தள்ளி நிற்பார்.

பெரிய குக்குரி சுற்றுலாக் கடைக்காரர்கள் கண்டுபிடித்த பொருளும் அல்ல. தசைன் பண்டிகையின் ஒன்பதாம் நாள், அதாவது நம் ஆயுத பூஜையன்றே, நேபாளத்தில் ஆயுதங்களுக்கும் கருவிகளுக்கும் வண்டிகளுக்கும் பூசை நடக்கும். எருமையை ஒரே வெட்டில் பலியிடும் வழக்கமும் அந்த நாளோடு சேர்ந்தது. விலங்கைக் கட்டும் கம்பத்துக்கு மௌலோ என்று பெயர். அதற்கென்று செய்யும், இரு கையாலும் பிடிக்கும் குக்குரிக்கும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. கூர்க்காப் படைப்பிரிவுகளில் ஒரே வெட்டில் தலை விழுந்தால் அந்த ஆண்டு படைக்கு நல்லது என்ற நம்பிக்கை நெடுநாள் இருந்தது. பலி பற்றி அவரவருக்கு ஒரு கருத்து இருக்கும். கத்தியின் அமைப்பு அந்த வேலையிலிருந்து வந்தது என்பதை மட்டும் மறக்கக்கூடாது. மேலிருந்து கீழே, ஒரே ஒரு வெட்டு. திரும்பத் திரும்ப வீசுவதற்கு அது செய்யப்படவில்லை. கடைகளில் இன்று விற்கும் பெரிய குக்குரிகளில் பல இந்த மௌலோ வடிவத்தைப் பார்த்துச் செய்தவை. மீதி, சாதாரணக் குக்குரியை நீட்டியவை. எது எது என்று தெரியாமல் வாங்குவதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

பெரிதாக்குவது ஏன் எளிதல்ல என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. 10 அங்குல அலகு மட்டும் 400 கிராம் என்று வையுங்கள். நீளம், அகலம், கனம் மூன்றையும் இரட்டித்தால் எடை 2 மடங்காகாது, 8 மடங்காகும்; 3.2 கிலோ. அதைத் தூக்கலாம், அடக்க முடியாது. கை இரட்டிப்பதில்லையே. ஆகவே கொல்லர் நீளத்தைக் கூட்டுவார், கூரில்லாத மேல்பக்கமான முதுகின் கனத்தைக் கூட்ட மாட்டார். பூணுக்குப் பக்கத்தில் 10 மில்லிமீட்டரோ 12 மில்லிமீட்டரோ அதோடு நிறுத்திக்கொள்வார். பிறகு அலகின் இரு பக்கமும் குழிவாக அடித்து எடையை இறக்குவார். உடலே குழிந்தது என்ற பொருளில் அங்கோலா என்று இதைச் சொல்வார்கள். மூன்று கோடாகக் குழி இழுத்தால் தீன் சிரா. பார்ப்பதற்கு அழகு என்று நாம் நினைப்பது, தேவையில்லாத இடத்தில் இரும்பைக் குறைக்கும் வேலை. ஒழுங்காகச் செய்த 18 அங்குல அங்கோலா பிடியோடு சேர்த்து ஒன்றரைக் கிலோவுக்குள் அடங்கிவிடும்.

ஒழுங்காகச் செய்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? முதல் கருவி வெர்னியர் காலிப்பர். முதுகின் கனத்தை மூன்று இடத்தில் அளந்து பாருங்கள்: பூணை ஒட்டி, வளைவில், நுனிக்கு இரண்டு அங்குலம் முன்னால். அடித்துச் செய்த கத்தியில் 10, 8, 4 மில்லிமீட்டர் என்பது போல இறங்கிக்கொண்டே வரும். மூன்று இடத்திலும் 8, 8, 8 என்று நின்றால் அது பட்டையை அப்படியே வடிவத்துக்கு வெட்டி, ஓரத்தைத் தேய்த்து எடுத்தது. சுவரில் மாட்ட அது போதும். கையில் எடுத்தால் நுனி கல்லைக் கட்டியது போல இழுக்கும்.

அடுத்து எடை நிற்கும் இடம். உறையைக் கழற்றி, துடைப்பக் கட்டையின் மேல் அலகைப் படுக்கையாக வைத்து, ஆடாமல் நிற்கும் புள்ளியைக் கண்டுபிடியுங்கள். பூணிலிருந்து அந்தப் புள்ளி எவ்வளவு தூரம் என்பதுதான் இந்தக் கத்தியைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ளும் மிக முக்கியமான எண். குக்குரியில் அது முன்னால்தான் இருக்கும், இருக்கவும் வேண்டும். வெட்டும் விசை அங்கிருந்துதான் வருகிறது. ஆனால் ஒரு சாணுக்கு மேல் தள்ளிப் போய்விட்டால் ஒற்றைக் கைக்கு அது சரிப்படாது என்பது எங்கள் கணிப்பு. விற்பவர்கள் நீளத்தையும் எடையையும் விளம்பரம் செய்கிறார்கள். இந்தத் தூரத்தை யாரும் சொல்வதில்லை. கேட்டால் அளந்து சொல்கிறவரிடம் நம்பி வாங்கலாம்.

இனிப் பிடி. பெரிய குக்குரியில் பழுதாகும் இடம் பெரும்பாலும் அலகு அல்ல, பிடிதான். பிடிக்குள் போகும் காம்பு மூன்று விதமாக இருக்கும். பழைய முறையில் காம்பு எலிவால் போல ஒல்லியாகப் பிடியின் முக்கால் பங்கு வரை போய் உள்ளேயே நின்றுவிடும். லாகா என்று ஒரு பிசின் கலவையைத் துளைக்குள் நிரப்பி, காம்பைச் சூடாக்கி உள்ளே இறக்குவார்கள். இறுகியதும் கல் போலப் பிடித்துக்கொள்ளும். 11 அங்குலக் கத்திக்கு இது தலைமுறைக்கும் தாங்கும். இரண்டாவது முறையில் அதே ஒல்லிக் காம்பு பிடியைத் துளைத்துக்கொண்டு பின்பக்கம் வெளியே வந்து, ஒரு தகட்டின் மேல் ஆணித்தலை போல அடித்து மடக்கப்பட்டிருக்கும். மூன்றாவது பானாவால், காம்பு பிடியின் முழு அகலத்துக்கும் பட்டையாக ஓடும், இரு பக்கமும் மரமோ கொம்போ வைத்து மூன்று நான்கு குடையாணி அடித்திருப்பார்கள். ஓரத்தில் இரும்பு கண்ணுக்குத் தெரியும்.

18 அங்குல அலகுக்கு முதல் முறை ஆகாது. காரணம் எளிது. அலகு நீள நீள, வெட்டும் இடத்தில் விழும் அடி நெம்புகோல் போலக் காம்பின் மேல் பெருகும். லாகா அழுத்தத்தைத் தாங்கும், நெம்புவதைத் தாங்காது. கண்ணாடி போல நொறுங்குகிற பொருள் அது. சில வருடத்தில் உள்ளே பொடியாகி, பிடி பூணுக்குள் லேசாக ஆடத் தொடங்கும். அதோடு வெயிலில் நிறுத்திய காரில் பின்பக்கப் பெட்டிக்குள் ஒரு மதியம் கிடந்தாலே லாகா இளகிவிடக்கூடும். நம் ஊர்ச் சித்திரை வெயிலை நேபாள மலைக் கொல்லர் கணக்கில் எடுத்துச் செய்வதில்லை.

ஆட்டம் இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி. பிடியை இடது கையில் தளர்வாகப் பிடித்துக்கொண்டு, அலகின் முதுகை வலது கை முட்டியால் நடுவில் தட்டுங்கள். மணி போல ஒரே ஓசை நீண்டு வந்தால் நல்லது. ஓசையோடு ஒரு இரைச்சல், உள்ளே மணல் கிடப்பது போல ஒரு அதிர்வு சேர்ந்து வந்தால் பிடி தளர்ந்திருக்கிறது, அல்லது அலகில் வெடிப்பு இருக்கிறது. புதுக் கத்தியானால் காம்பை எபாக்சிப் பசை போட்டு மறுபடி இறுக்கலாம். பழமையானதானால் கை வைக்காதீர்கள். பழைய லாகாவோடு அதன் மதிப்பும் போய்விடும்.

காம்பும் அலகும் சேரும் மூலையையும் பார்க்க வேண்டும். அது லேசாக வளைந்து இறங்க வேண்டும். சதுர மூலையாக வெட்டியிருந்தால் விசை முழுவதும் அந்த ஒரு புள்ளியில் குவிந்து, என்றாவது ஒருநாள் அங்கேதான் முறியும். பிடி போட்ட பிறகு இது தெரியாது. ஆர்டர் கொடுத்துச் செய்கிறவர்கள் பிடி ஏற்றுவதற்கு முன் ஒரு படம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். நல்ல பட்டறைக்காரர் மறுப்பதில்லை.

பிடியின் நீளமும் ஒரு தொல்லை. நேபாளப் பிடிகள் கைக்குள் அடங்க வேண்டும் என்று செய்யப்படுபவை, நடுவில் ஒரு மேட்டு வளையம், முடிவில் மணி போல விரிவு. பெரிய அலகுக்கும் அதே பிடியைப் போட்டுவிட்டால் சுண்டுவிரல் அந்த விரிவில் இடித்துக்கொண்டே இருக்கும். இரு கையாலும் பிடிக்கும் பிடி வேண்டுமென்றால் 8 அங்குலத்துக்குக் குறையாமல் கேளுங்கள்.

இரும்புக்கு வருவோம். பட்டறைகளில் அடிக்கப்படும் குக்குரிகளில் பெரும்பாலானவை லாரி வில்பட்டையில் செய்யப்படுபவை. திருப்பாச்சேத்தி அரிவாள்காரர்களுக்கும் இந்தப் பட்டை புதிதல்ல. பொதுவாகக் கிடைக்கும் ரகத்தில் நூற்றுக்கு 0.6 பங்கு கரியும் 0.8 பங்குக்குப் பக்கத்தில் குரோமியமும் இருக்கும். வளைந்து கொடுக்கும், சட்டென்று முறியாது. ஆனால் பழைய வில்பட்டை பல லட்சம் முறை வளைந்து நிமிர்ந்த இரும்பு. கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு அதில் இருக்கலாம். 10 அங்குலத் துண்டுக்கு நல்ல பாகத்தைத் தேர்ந்து வெட்டிவிடலாம்; 20 அங்குலத்துக்குத் தேர்வு சுருங்கிவிடும். வெடிப்பைக் கண்டுபிடிக்க மெக்கானிக்குகள் செய்வதையே செய்யுங்கள். அலகைத் துடைத்து மண்ணெண்ணெய் தடவி, கால் மணி நேரம் விட்டு, நன்றாகத் துடைத்துவிட்டுச் சாக்பீஸ் பொடியைத் தூவுங்கள். வெடிப்பு இருந்தால் உள்ளே போன மண்ணெண்ணெய் வெளியே கசிந்து பொடியில் முடி போல ஒரு கறுப்புக் கோடு போடும். முக்கியமாகப் பார்க்க வேண்டிய இடம், பூணுக்கு முன்னால் விளிம்பில் இருக்கும் அந்தச் சின்ன வெட்டு. நேபாளத்தில் கவுடி என்றும் சோ என்றும் சொல்வார்கள். பசுவின் குளம்பு, சிவனின் சூலம் என்று அதற்குப் பல விளக்கங்கள் உண்டு. சேகரிப்பவருக்கு வேண்டியது வேறு: வெட்டின் உள் மூலை கூர்மையாக இருந்து, அந்த இடம் கடினமாகவும் ஏற்றப்பட்டிருந்தால், வெடிப்பு பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்பும்.

காய்ச்சிய இரும்பைத் தண்ணீரால் ஆற்றிக் கடினமாக்கும் தோய்ச்சல் முறை குக்குரியின் மிக அழகான பகுதி என்பது எங்கள் எண்ணம். காமி எனப்படும் கொல்லர் பழுக்கக் காய்ச்சிய அலகை முழுவதும் தண்ணீரில் முக்குவதில்லை. தேநீர்க் கெண்டி போன்ற பாத்திரத்திலிருந்து விளிம்பில் மட்டும், வெட்டு விழும் வயிற்றுப் பகுதியில் அதிகமாக, மெல்லிய தாரையாக ஊற்றுகிறார். தண்ணீர் பட்ட இடம் கடினமாகிறது, முதுகு மிருதுவாகவே நிற்கிறது. அடி விழும் இடத்தில் கடினம், அதிர்ச்சியை வாங்கும் இடத்தில் இளக்கம். நல்ல வேலையில் விளிம்பு, கடினத்தை அளக்கும் ராக்வெல் அளவையில் 55 முதல் 58 வரை இருக்கும். நீளமான அலகில் இதைச் செய்வது கடினம். ஒரு கோடியில் ஊற்றிக்கொண்டிருக்கும்போதே மறுகோடி ஆறிவிடும்; ஒரு பக்கம் முந்தி ஆறினால் அலகு வாழைப்பழம் போல வளையும். வளைந்ததைத் தட்டி நிமிர்த்தி அனுப்பிவிடுவதும் உண்டு. முதுகைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, தச்சர் சட்டத்தைப் பார்ப்பது போல ஒரு கண்ணை மூடிப் பாருங்கள், கோணல் தெரிந்துவிடும்.

கடினத்தை அறிய நல்ல அரம் ஒன்று போதும். விளிம்பை ஒட்டி மெதுவாக இழுத்தால் வயிற்றுப் பகுதியில் அரம் பிடிக்காமல் வழுக்க வேண்டும், கவுடிக்குப் பக்கத்திலும் நுனியை ஒட்டியும் முதுகிலும் கடிக்க வேண்டும். எல்லா இடத்திலும் கடித்தால் அது தோய்ச்சலே இல்லாத அலங்காரக் கத்தி. எல்லா இடத்திலும் வழுக்கினால் அதுதான் ஆபத்து. என்றாவது இரண்டாகப் போகும். பழங்கத்தியில் அரத்தை வைக்கவே கூடாது.

இதைப் படித்துவிட்டு யாரும் பெரிய குக்குரியைச் சாணை பிடிப்பவரிடம் கொண்டுபோக வேண்டாம். காய்ந்த சாணைக்கல்லில் வேகமாக இழுக்கும்போது விளிம்பு நீலமாக மாறினால் சூடு 300 டிகிரி வரை போய்விட்டது என்று பொருள். கொல்லர் வைத்த தோய்ச்சல் அந்த இடத்தில் தளர்ந்துவிட்டது. குக்குரியின் விளிம்பு இரு பக்கமும் லேசாகப் புடைத்தது. தட்டையாகத் தேய்த்தால் அந்தப் புடைப்பும் போகும். தடித்த ரப்பர் விரிப்பு ஒன்றின் மேல் 400, பிறகு 1000, பிறகு 2000 என்று உப்புத்தாளை வைத்து, விளிம்பு பின்னால் வரும்படி இழுத்தால் போதும். முன்னோக்கித் தள்ளினால் தாள் கிழியும். உள் வளைவுக்கு அதே தாளை ஒரு உருட்டுக் கட்டையில் சுற்றிக்கொள்ளுங்கள். உறையின் பின்னால் இரண்டு குட்டிக் கத்திகள் இருக்குமே, அவற்றில் மழுங்கியது சக்மக். விளிம்பை வழித்துச் சரிசெய்யவும், கல்லில் தட்டித் தீப்பொறி எடுக்கவும் வந்தது. கூரானது கார்தா, சில்லறை வேலைக்கு. பெரிய குக்குரிகளில் இவற்றையும் பெரிதாகச் செய்து பயனில்லாமல் ஆக்கிவிடுகிறார்கள்.

உறை பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் காயங்களில் பல உருவும்போதுதான் நேர்கின்றன. தாப் எனப்படும் உறை, இரண்டு மரப்பட்டைகளைச் சேர்த்து மேலே எருமைத்தோல் இழுத்துத் தைத்தது. விளிம்புப் பக்கம் மரத்தின் இணைப்பு வருகிறது. நாள்பட்ட உறையில் கத்தி அந்த இணைப்பை உள்ளிருந்தே அறுத்திருக்கும். வெளியே தோல் மட்டும் மூடியிருக்கும். உறையைச் சுற்றி விரல் மடக்கிப் பிடித்துக்கொண்டு உருவினால் தோலோடு விரலும் போகும். இடது கை உறையின் முதுகுப் பக்கம் மட்டும் இருக்கட்டும். பெரிய கத்தியை இடுப்பிலிருந்து உருவ முயலாதீர்கள், கை நீளம் போதாது. மேசை மேல் படுக்கையாக வைத்து, அலகின் முதுகை உறையின் முதுகோடு அழுத்தியபடி, வளைவின் போக்கிலேயே இழுக்க வேண்டும். நேராக இழுத்தால் வளைவு வாயில் சிக்கும், அப்போது எல்லாரும் இன்னும் பலமாக இழுப்பார்கள்.

அகன்ற வயிறு உள்ளே போய் வர வேண்டும் என்பதால் உறையின் வாய் பெரிதாக இருக்கும். கழுத்துப் பகுதி அதில் தளர்ந்தே நிற்கும். கொஞ்சம் கடகடவென்று ஆடினால் குறையல்ல. ஆனால் மெத்தைக்கு ஒரு சாண் மேலே தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். கத்தி தானாக நழுவி விழுந்தால், வாயின் உட்புறம் முதுகுப் பக்கத்தில் மெல்லிய தக்கைத் துண்டு ஒன்றை ஒட்டுங்கள். ஒன்றரைக் கிலோ இரும்பு காலில் விழுவது சின்ன விஷயமல்ல.

வீட்டில் வைத்துக் காப்பது நம் ஊரில் தனிப்பாடம். உறை எடுத்துச் செல்லும்போதுதான் துணை, உறங்க வைக்க அல்ல. பதனிட்ட தோலில் இருக்கும் புளிப்பும் ஈரமும் சேர்ந்து அலகைத் தின்னும். கத்தி தனியாக, உறை தனியாக இருக்கட்டும். தேங்காய் எண்ணெய் தடவும் பழக்கம் பலருக்கு உண்டு. சில மாதத்தில் அது சிக்கெடுத்துப் பிசுபிசுத்து, அடியில் துரு பிடிக்க இடம் கொடுக்கும். தையல் மிஷின் எண்ணெய் மெல்லிய பூச்சாகப் போதும். கடலோர ஊர்களில் ஐப்பசி, கார்த்திகையில் பதினைந்து நாளைக்கு ஒருமுறை துடைத்துப் பூசுங்கள். கை வைத்த இடத்தில் வியர்வை உப்பு விரல்ரேகையாகவே துருவாகும், எனவே ஒவ்வொரு முறையும் துடைக்க வேண்டும். கொம்புப் பிடியானால் பூச்சி பார்க்க வேண்டும். சில வண்டுகளின் புழு கொம்பை அரித்துச் சின்னப் பள்ளங்கள் போடும்.

பித்தளைப் பூணைப் புளி போட்டுத் தேய்க்கவே தேய்க்காதீர்கள். குத்துவிளக்குக்கு அது சரி. இங்கே புளித்தண்ணீர் பூணுக்கும் இரும்புக்கும் நடுவில் இறங்கி, வெளியே பளபளவென்று இருக்கும்போதே உள்ளே காம்பைத் தின்றுகொண்டிருக்கும். பூசைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் அதே கதைதான். ஈரத்தோடு ஒரு இரவு கிடந்தால் மறுநாள் பொட்டு வைத்த இடத்தில் பள்ளம் தெரியும். அன்று மாலையே துடைத்து எண்ணெய் போட்டுவிட வேண்டும்.

பழையது என்று சொல்லி விற்பதைப் பற்றி ஒரு வார்த்தை. 2003-இல் காத்மாண்டின் லகன் சிலேகானா அரண்மனையில் கிடந்த நேபாள அரசின் பழைய ஆயுதக் கிடங்கை அமெரிக்க வணிகர்கள் மொத்தமாக வாங்கினார்கள். ஆயிரக்கணக்கான ராணுவக் குக்குரிகள் அதிலிருந்து சந்தைக்கு வந்தன. 19-ஆம் நூற்றாண்டுக் குக்குரிகள் பல இன்றையவற்றைவிட நீளமும் ஒல்லியும் ஆனவை என்பது அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது. முதுகில் தேவநாகரி எண்கள் இருக்கும். ஆண்டாக இருந்தால் அது விக்ரம சம்வத், 57 கழித்தால் ஏறக்குறைய நம் ஆண்டு. அமிலம் பூசிக் கறுப்பாக்கிய புதுக் கத்திகளிலும் இப்போது இப்படி எண் குத்துகிறார்கள். உண்மையான பழமை சீராக இருக்காது. கை பட்ட பிடி வழவழத்து, கை படாத மூலையில் கறை தடித்திருக்கும். எங்கும் ஒரே கறுப்பு என்றால் சந்தேகப்படுங்கள். நூறு ஆண்டு கடந்ததை நேபாளத் தொல்லியல் துறையின் அனுமதி இல்லாமல் அந்த நாட்டை விட்டுக் கொண்டுவர முடியாது என்பதும் நினைவிருக்கட்டும்.

அலகின் அளவையும் சட்டம் பார்க்கிறது, இதைப் பலர் கவனிப்பதில்லை. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ கொண்ட அலகுகளை ஐந்தாம் வகை ஆயுதமாகச் சேர்க்கின்றன. அந்தப் பட்டியலில் குக்குரி என்ற பெயரே இருக்கிறது. வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் ஆனவை விலக்கு. 18 அங்குல மௌலோவை வீட்டுக்கத்தி என்று சொல்லி யாரையும் நம்பவைக்க முடியாது. இவ்வகை ஆயுதத்தை வைத்திருக்க உரிமம் தேவையா என்பது மத்திய அரசு அந்தப் பகுதிக்கு அறிவிக்கை வெளியிட்டிருக்கிறதா என்பதைப் பொறுத்தது. சட்டத்தின் 4-ஆம் பிரிவு. நாட்டுக்குள் கொண்டுவருவதற்கு 10-ஆம் பிரிவு தனியாக இருக்கிறது. வாங்குவதற்கு முன்பே மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு, பதிலைப் பில்லோடு வைத்துக்கொள்ளுங்கள். டேராடூனிலும் குக்குரி செய்கிறார்கள் என்பதால் சுங்கத் தொல்லை வேண்டாதவர்கள் அங்கே பார்க்கலாம். ஊர்வலத்திலோ கல்யாண வீட்டிலோ தூக்கிக் காட்டுவது எந்த உரிமத்திலும் அடங்காது.

இனிப் பூசணிக்காய். நீங்கள் வெளியிட்ட படத்தில் பிடியின் பின்முனை தெளிவாகத் தெரிகிறது. அடித்து மடக்கிய காம்பின் தலை அங்கே இல்லை. ஓரத்தில் பட்டை இரும்பும் தெரியவில்லை. அப்படியானால் காம்பு உள்ளேயே முடிகிறது, லாகாவை நம்பித்தான் நிற்கிறது. மேலே சொன்ன முட்டிச் சோதனையைச் செய்து பார்க்காமல் அந்த வாசகர் அதை வீச வேண்டாம் என்று தயவுசெய்து தெரிவியுங்கள். பிடி சரியாக இருந்தாலும், பூசணி இவ்வளவு எடையைத் தடுக்காது. கத்தி காயைத் தாண்டியும் அதே வேகத்தில் போய்ச் சிமெண்ட் தரையில் மோதி விளிம்பு உடையும், அல்லது முழங்காலுக்கு வரும். அரை அடி உயரமுள்ள மரக்கட்டையின் மேல் காயை வைத்து, கால்களை அகட்டி நின்று, வீசாமல், கத்தியைத் தூக்கி அதன் எடையிலேயே விழவிட்டால் போதும். எதிரே யாரும் நிற்கக்கூடாது. குழந்தைகள் எப்போதும் சில்லறை பொறுக்க அங்கேதான் நிற்பார்கள்.

இப்படிக்கு,
பழங்கத்தி சேகரிப்போர் சிலர்,
கோயம்புத்தூர்.